13 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கினால்

கேள்வி: அண்ணே, ஒட்டன்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். 2011 மாடல் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். காமன் ரயில் (கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் முறை) இல்லாத பழைய டீசல் பம்ப் இன்ஜின். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காடு, திருச்சூர் போவேன், எம்டியாகத் திரும்புவேன். மாதம் 4,000 கி.மீ. ஓடும். முன்பு லிட்டருக்கு 13 கொடுத்தது, இப்போது 9 தாண்டவில்லை. ஆனி, ஆடியில் அதுவும் இல்லை. ஏற்றத்தில் கறும்புகை தள்ளுகிறது. போன கோடையில் ஹீட் ஏறியதால் மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் (இன்ஜின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிட்டார், அதற்குப் பிறகு ஹீட் இல்லை. பின் டயர் இரண்டும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டிருக்கிறேன். பம்ப், நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) எல்லாம் இறக்கிப் பார்க்க 25 ஆயிரம் கேட்கிறார்கள். டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டச் சொல்கிறார் இன்னொருவர். இல்லை, வண்டியையே மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, அந்த 25 ஆயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். பம்ப்பிலும் கோளாறு இருக்கலாம், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே பம்ப்புக்குச் சம்பந்தமில்லாத மூன்று காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கழற்றிய வால்வு, பெரிய டயர், ஆடி மாதம். இவற்றைத் தீர்க்காமல் பம்ப்பை இறக்கினால் காசும் போகும், மைலேஜும் வராது. கடைசியில் பம்ப் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் அந்த 9 உண்மையிலேயே 9 தானா என்று பார்ப்போம். ஸ்பீடாமீட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும், மீட்டர் பழைய கணக்கையே காட்டும். புது டயரின் குறுக்களவு 4 சதவீதம் கூடுதல் என்று வையுங்கள். நீங்கள் 100 கி.மீ. ஓடும்போது மீட்டரில் 96 தான் ஏறியிருக்கும். அப்படியானால் உங்கள் 9 என்பது உண்மையில் 9.4. நெடுஞ்சாலையில் கி.மீ. கல்லைப் பார்த்தோ, போனில் மேப் வைத்தோ ஒரு 50 கி.மீ. ஓட்டி மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு வித்தியாசம் என்று ஒருமுறை தெரிந்தால் போதும், பிறகு அதைச் சேர்த்தே கணக்குப் போடலாம்.

டீசல் கணக்குக்கு ஒரே வழி டேங்க் டு டேங்க்: டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கி.மீ.யை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுப்பது. ஒரே பங்க், முடிந்தால் அங்கே ஒரே டீசல் குழாய், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். 500 ரூபாய்க்குப் போட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது கணக்கே இல்லை. லோடோடு போனதும் எம்டியாக வந்ததும் சேர்ந்த முழு ட்ரிப்பாக எடுங்கள், அதுவும் நாலைந்து முறை. முன்பு 13 கொடுத்தது என்கிறீர்களே, அது எப்படி எடுத்த கணக்கு? எம்டியில் ஓட்டி எடுத்ததாக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். லோடும் எம்டியும் கலந்து 11, 12 வந்தாலே இந்த வயது வண்டிக்கு நான் குறை சொல்ல மாட்டேன். பங்க் அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது ஆடிக்காற்று. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் போகிறீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அதே கணவாய் வழியாகத்தான் எதிரே வருகிறது. உடுமலை வட்டாரம் முழுக்கக் காற்றாலை நட்டிருப்பது அதற்காகத்தான். தக்காளி, முருங்கைக்காய் என்று கேபினுக்கு மேல் இரண்டு வரிசை ட்ரே ஏறிய வண்டி, 60-ல் போகும்போது எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், இன்ஜின் தள்ளுவது 85 கி.மீ. வேகக் காற்றை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு. திரும்பி வரும்போது பின்னால் காற்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் அப்போது வண்டி எம்டி, காற்றைப் பிடிக்க மேலே ட்ரேயும் இல்லை. போகும்போது விட்டதை வரும்போது பிடிக்க முடியாது.

இதில் நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, ஆடி மாத மைலேஜை மாசி மாத மைலேஜோடு ஒப்பிடாதீர்கள். எந்த வேலை பார்த்தாலும் அதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் என்று அதே பருவத்தில் எடுங்கள். ஆடியில் நாசில் மாற்றிவிட்டு ஐப்பசியில் ‘நல்லா ஏறியிருக்கு’ என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. ஏறியது காற்று நின்றதால். இரண்டு, லோடு கட்டுவதில் கவனம் வையுங்கள். முன்வரிசை ட்ரே கேபின் உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயரம் தேவையென்றால் பின்னால் ஏறட்டும். ஆனால் பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனத்தைக் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், அதையும் மறக்காதீர்கள். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு போகக் கூடாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். எம்டியில் வரும்போது தார்ப்பாயை மடித்து உள்ளே போடுங்கள்.

இப்போது வால்வு. நம் பக்கத்தில் ஹீட் என்று போனால் முதல் வைத்தியமே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதுதான். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே, குளிர்நாட்டுக்காரன் வச்சது’ என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டி ஒரே சூட்டில் நிற்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் லைனருக்கும் உள்ள இடைவெளி, ஆயிலின் இளக்கம், டீசல் பற்றும் நேரம் எல்லாம் அந்தச் சூட்டுக்கு வைத்த கணக்கு. வால்வு இல்லாவிட்டால் இரவு 2 மணிக்கு உடுமலை ரோட்டில் போகும்போது, வண்டி லோடோடு இருந்தாலும், தண்ணீர் சூடேறவே ஏறாது. டேஷ்போர்டில் முள் அடியிலேயே கிடக்கும். நீங்கள் அதைப் பார்த்து ‘ஹீட் இல்லை’ என்று நிம்மதியாக இருப்பீர்கள்.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது வேறு. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருப்பதால் எரிந்து கிடைத்த சூட்டில் கூடுதல் பங்கு, பிஸ்டனைத் தள்ளாமல் தண்ணீருக்குப் போய்விடுகிறது. ஆயில் கெட்டியாகவே இருப்பதால் இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே கூடுதல் டீசல் தின்கிறது. முழுக்க எரியாத டீசல் லைனரில் இறங்கி ஆயிலைக் கழுவி, கடைசியில் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் போய்ச் சேருகிறது. போன கோடையிலிருந்து ஆயில் சீக்கிரம் கறுத்து நீர்த்துப்போகிறதா என்று டிப்ஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சில இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினைச் சுற்றி வரும். அந்த வண்டிகளில் ஹீட்டுக்குப் பயந்து வால்வைக் கழற்றினால், ஏற்றத்தில் மறுபடியும் ஹீட் ஆகும்.

கோடையில் உங்களுக்கு ஹீட் ஏறியதற்கு வால்வு சிக்கியது காரணமாக இருந்திருந்தாலும், அதற்குப் புது வால்வுதான் தீர்வு. வேறு காரணம் என்றால் அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ரேடியேட்டரை முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்து போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்து குழாய் பாதி அடைத்திருக்கும். வெளியே இதழ்களுக்கு நடுவில் மண்ணும் பூச்சியும் சேர்ந்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் செத்திருக்கலாம். ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்து, கூலன்ட் கலந்து ஊற்றி, வால்வைத் திரும்பப் போடுங்கள். போடும் முன் வால்வை நூலில் கட்டி வெந்நீருக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன் மேலேயே எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பொறித்திருக்கும், அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வாங்கினாலும் சில நூறு ரூபாய் சமாச்சாரம். உங்கள் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஃபேனைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியென்றால், சூடு இருக்கும்போது மட்டும் அது இறுகிச் சுற்ற வேண்டும். ஹீட்டுக்குப் பயந்து அதை வெல்டு வைத்து நிரந்தரமாக இறுக்கிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் எப்போதும் அந்த ஃபேனைச் சுற்ற டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும்.

கறும்புகைக்கு வருவோம். கறுப்பு என்றால் எரிய வேண்டிய டீசலுக்குக் காற்று போதவில்லை, அல்லது இருக்கும் காற்றுக்கு மேல் டீசல் போகிறது. (நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாகப் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.) காமன் ரயில் வண்டியில் சென்சார் காற்றை அளந்து டீசலைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பழைய பம்ப்புக்கு அந்த அறிவு குறைவு. நீங்கள் மிதித்த அளவுக்கு அது ஊற்றும், காற்று வந்ததா வரவில்லையா என்று பெரிதாகப் பார்க்காது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் காரைவிட உங்களுக்கு நஷ்டம் அதிகம் என்பது இதனால்தான். மார்க்கெட் தூசியில் நிற்கும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கி.மீ. கணக்கு வரை காத்திருக்கக் கூடாது. ஃபில்டரை வெளியே எடுத்து உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் வெளியே தெரியாவிட்டால் புதிது போடுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்துச் சுத்தம் செய்தால் பேப்பர் கிழியும். கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் மண் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

அடுத்து, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். பதினாலு பதினைந்து வருடத்தில் ரப்பர் வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ரேஸ் செய்யச் சொல்லி, ஹோஸ் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நுரை கிளம்பும் இடத்தில்தான் உங்கள் காற்று போகிறது. கையையும் சட்டையையும் ஃபேனுக்கு எட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ‘உஸ்’ என்ற சத்தம் புதிதாக வருகிறது, இழுவை குறைந்திருக்கிறது என்றால் இங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) இருக்கும் வண்டியானால், அது கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதே கறும்புகைதான் வரும்.

இன்னொரு கேள்வி, உங்களுக்கு மட்டும்: எப்போதாவது ‘பிக்கப் பத்தலை’ என்று சொல்லிப் பம்ப்பில் ஸ்க்ரூவைத் திருப்பச் சொன்னீர்களா? லோடு வண்டிக்காரர்களில் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல் கூடும், அன்றைக்கு இழுவையும் கூடியது போலிருக்கும். காற்று அதே அளவுதான் என்பதால் மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகக் கறுப்பாகப் போகும். அது திருகப்பட்டிருந்தால், சரியான அளவுக்குத் திரும்பவைக்க டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கடையில்தான் முடியும், காதை வைத்துக் கேட்டு வைக்க முடியாது.

இன்ஜினை விட்டுக் கீழே இறங்குங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டிகளை நான் நிறையப் பார்க்கிறேன், ஓட்டுபவருக்கே தெரியாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஒரு 20 கி.மீ. ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒட்ட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தகித்தால் அங்கே காலிப்பர் பின் சிக்கியிருக்கிறது, அல்லது டிரம்முக்குள் பிரேக் லைனர் திரும்பி வரவில்லை, அல்லது பேரிங் போயிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினாலும் தெரிந்துவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பதும் சகஜம். கிளட்ச்சுக்கு: நாலாவது கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் ப்ளேட் வழுக்குகிறது. அப்போது நீங்கள் ஊற்றும் டீசல் ப்ளேட்டைச் சூடாக்கத்தான் போகிறது.

டயர் காற்று பற்றி நீங்கள் எழுதவில்லை. நான்குக்கும் ஒரே காற்று அடிக்கச் சொல்லும் பழக்கம் இருந்தால் விடுங்கள். முன்னுக்கு ஒன்று, லோடோடு பின்னுக்கு ஒன்று என்று கம்பெனி கொடுத்த அளவு இருக்கிறது, அதைக் குளிர்ந்த டயரில் பிடியுங்கள். காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. கார்களுக்குச் சொன்னதுதான், ஆனாலும் 15 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டினால் 3 சதவீதம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. பெரிய டயர் தேய்ந்ததும் பழைய சைஸுக்கே திரும்பிவிடுங்கள். லோடு வண்டிக்கு அது கியரையும் கெடுக்கிறது, ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும். அப்படியே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

வேகம். சந்தையைப் பிடிக்க 80, 90-ல் போகிறவர் நீங்கள் என்றால், 60-65-க்கு வந்து பாருங்கள். 60-ல் இருப்பதைவிட 80-ல் காற்றின் எதிர்ப்பு 1.8 மடங்கு. 45-லிருந்து 55 வரையான வேகத்தில் போனால் 80-ல் போவதைவிட 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று கார்களை வைத்துச் சோதித்து பி.சி.ஆர்.ஏ. சொல்கிறது. 1978-ல் தொடங்கிய மத்திய அரசின் எரிபொருள் சிக்கன அமைப்பு அது. அதற்கு ஒரு அரை மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். மார்க்கெட்டில் அரட்டையைக் குறைத்தால் அது கிடைத்துவிடும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு லோடு ஏற்றாதீர்கள், சும்மா நின்றாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்.

நியூட்ரல் யோசனை சொன்ன நண்பரிடம் இதைக் காட்டுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. ஐடிலைவிட அதிகமாகச் சுற்றும் வரை பம்ப்பின் கவர்னர் (இன்ஜின் வேகத்துக்குத் தக்கபடி டீசலைக் கட்டுப்படுத்தும் பகுதி) டீசலை அடியோடு நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமலிருக்க ஐடில் டீசல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமாகும் என்று நினைத்துச் செலவு செய்கிறீர்கள். அதைவிட முக்கியம், லோடு வண்டியை இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பில்லாமல் விட்டால் முழுக் கனமும் பிரேக் மேல் விழும். பிரேக் லைனர் சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம், பிரேக்கை மிதிக்க உதவும் வேக்கம் இல்லாமல் பிரேக் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

காந்தம்: வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூட்டியது ஒன்றும் இல்லை. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இன்னும் கெடுதல். ரோட்டரி வகை டீசல் பம்ப்புக்கு டீசல்தான் ஆயில். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு கிடையாது, பம்ப் தேய்ந்து, அப்போது 25 ஆயிரம் நிஜமாகவே செலவாகும்.

வண்டியை மாற்றுவதைக் கணக்காகவே பார்ப்போம். மாதம் 4,000 கி.மீ. 9 கொடுத்தால் 444 லிட்டர், 12 கொடுத்தால் 333 லிட்டர். வித்தியாசம் 111 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 10 ஆயிரத்துச் சொச்சம். புது பிக்கப்புக்கு 9 லட்சம் கடன் எடுத்து 5 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 20 ஆயிரத்தைச் சுற்றி வரும். டீசல் மிச்சத்தை மட்டும் நம்பி மாற்றினால் மாதம் 10 ஆயிரம் கைவிட்டுப் போகும். சேஸிஸ் துரு, எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு, வழியில் நின்றுபோகும் பயம் என்று வேறு காரணம் இருந்தால் தனியாக யோசியுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் இருப்பதற்கு மேல் ஏற்றாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20 ஆயிரம், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். ஒருமுறை பிடிபட்டால் இரண்டு மாத டீசல் மிச்சம் காலி.

இத்தனையும் முடித்து, ஒரு வாரம் கணக்கெடுத்து, அதற்குப் பிறகும் புகையும் 9-ம் மாறவில்லையென்றால் பம்ப் கடைக்குப் போங்கள். அப்போதும் முழுசாக இறக்க விடாதீர்கள். டேப்பட் (இன்ஜின் வால்வைத் திறக்கும் பகுதி) இடைவெளியும் பம்ப் டைமிங்கும் (டீசல் அடிக்கும் நேரம்) பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பம்ப் இறங்க வேண்டியதில்லை. பிறகு நாசில் நான்கை மட்டும் கழற்றி டெஸ்டரில் போட்டு உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல நாசில் பனி போலத் தூவும், அடித்து முடித்ததும் முனை காய்ந்திருக்கும். கோடாகப் பாய்ந்தாலோ, முனையில் சொட்டு தொங்கினாலோ அது போய்விட்டது. திரும்ப மாட்டும்போது செப்பு வாஷர் புதிது போட வேண்டும். நாசிலும் நன்றாக இருந்தால், பம்ப்பைத் தொடும் முன் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் இறங்கியிருந்தால் கோளாறு பம்ப்பில் இல்லை, பிஸ்டன் ரிங்கிலோ இன்ஜின் வால்விலோ இருக்கிறது. நாலும் சரி, நாசிலும் சரி என்று அளவோடு எழுதிக் கொடுத்தார்கள் என்றால், அந்த 25 ஆயிரத்தைப் பம்ப்புக்குத் தாராளமாகக் கொடுங்கள்.